நீரிறைப்புச் சோதனைத் தரவை மடக்கை இடைவெளிப் புள்ளிகளாகக் குறைப்பது எப்படி?

ஊற்றுக்கண்:

அனைவருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் நைஸ் பாறையில் இறக்கிய ஓர் ஆழ்துளைக் கிணற்றில் 72 மணி நேர நீரிறைப்புச் சோதனை முடிந்திருக்கிறது. அங்கிருந்து 30 மீட்டர் தள்ளியுள்ள கண்காணிப்புக் கிணற்றில் அழுத்த சென்சாரைத் தொங்கவிட்டு, நொடிக்கு ஓர் அளவு வீதம் நீர்மட்டத்தைப் பதிவு செய்தோம். இப்போது கையில் 2,59,200 வரிகள் உள்ளன. அறிக்கையின் பின்னிணைப்பில் ஏறக்குறைய 100 புள்ளிகள் கொண்ட அட்டவணை வைக்க வேண்டும். கூப்பர்–ஜேக்கப் முறையில் (நீர்மட்டத் தாழ்வைக் காலத்தின் மடக்கைக்கு எதிரே வரைந்து) நேர்கோடு பொருத்தவும் அதே புள்ளிகளைப் பயன்படுத்த எண்ணுகிறேன்.

2,500 வரிக்கு ஒரு வரி எடுத்தால் போதும் என்கிறார் உடன் பணிபுரியும் ஒருவர். காலத்தை மடக்கை அளவில் சமமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் மிக அருகிலுள்ள அளவை எடுக்கச் சொல்கிறார் மற்றொருவர். சராசரி எடுப்பதே முறை என்று எங்கோ படித்த நினைவும் இருக்கிறது. எது சரி, ஏன் சரி என்பதை விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: 20ஆம் மணி நேரத்தில் மும்முனை மின்சாரம் போய், மோட்டார் 10 நிமிடம் நின்று மீண்டும் ஓடியது.

பாறைநீர்:

2,500 வரிக்கு ஒன்று என்ற யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அப்படி எடுத்தால் உங்கள் முதல் புள்ளியே 2,500ஆவது நொடியில், அதாவது மோட்டார் ஓடத் தொடங்கி 41 நிமிடம் கழித்துத்தான் வரும். நீர்மட்டத் தாழ்வின் மடக்கை வரைபடத்தில் 1 முதல் 10 நொடி, 10 முதல் 100 நொடி, 100 முதல் 1,000 நொடி ஆகிய மூன்று சுற்றுகளும் முழுமையாகக் காணாமல் போய்விடும். உங்கள் சோதனை மொத்தமே 5.4 மடக்கைச் சுற்றுகள்தான். அதில் மூன்றுக்கு மேல் இழப்பது என்றால் பாதிக்கு மேல் இழப்பது என்று பொருள்.

1935இல் தைஸ் தந்த சமன்பாட்டின்படி, நிலையான வீதத்தில் இறைக்கும்போது நீர்மட்டத் தாழ்வு தொடக்கத்தில் விரைவாகவும் பிறகு மேன்மேலும் மெதுவாகவும் கூடுகிறது. காலம் போதிய அளவு கடந்த பின் அந்தச் சமன்பாட்டைக் காலத்தின் மடக்கையோடு நேர்கோடாக எழுதிவிடலாம் என்பதை 1946இல் கூப்பரும் ஜேக்கப்பும் காட்டினார்கள். ஆகவே 10ஆம் நொடிக்கும் 100ஆம் நொடிக்கும் இடையில் நிலத்தடி நீர் எவ்வளவு செய்தி சொல்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு செய்தியைத்தான் 10,000ஆம் நொடிக்கும் 1,00,000ஆம் நொடிக்கும் இடையிலும் சொல்கிறது. முதல் இடைவெளியில் உங்களிடம் 90 அளவுகள் உள்ளன, இரண்டாவதில் 90,000. இந்த ஏற்றத்தாழ்வைச் சீர்செய்வதற்காகத்தான் புள்ளிகளைக் குறைக்கிறோம். கோப்பின் அளவு சிறிதாவது அதனால் கிடைக்கும் பக்கப் பயன் மட்டுமே.

குறைக்காமல் மொத்தத் தரவிலும் நேர்கோடு பொருத்தினாலும் இதே கோளாறுதான் வேறு உருவில் வரும். உங்கள் அளவுகளில் பத்தில் ஒன்பது பங்கு 7.2 மணி நேரத்துக்குப் பிறகு எடுக்கப்பட்டவை. நேர்கோட்டைப் பொருத்தும் மீச்சிறு வர்க்க முறைக்கு அது தெரியாது. அது கடைசிச் சுற்றை மட்டும் பார்த்துக் கோட்டைச் சாய்க்கும். கடைசிச் சுற்றில் நீர்தாங்கியின் எல்லையாக நிற்கும் பாறையின் தாக்கமோ, பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றின் தாக்கமோ இருந்தால், நீர்கடத்துதிறன் (பாறை தன் வழியே நீரைக் கடத்தும் திறன்) என்று நீங்கள் எழுதும் எண் அதைத்தான் காட்டும்.

கையால் நாடா போட்டு அளந்த காலத்தில் 1, 2, 3, 4, 5, 6, 8, 10, 12, 15, 20, 25, 30, 40, 50, 60 நிமிடம் என்று படிவத்திலேயே நேரங்கள் அச்சாகியிருக்கும். அந்த வரிசை ஏறத்தாழ மடக்கை இடைவெளி வரிசைதான்; மடக்கையை நினைத்துப் பார்க்காத களப்பணியாளரும் சரியான இடைவெளியில் அளந்துகொண்டிருந்தார். கருவி வந்த பிறகுதான் நாம் அதைக் கணக்குப் போட்டு மீட்டெடுக்க வேண்டியிருக்கிறது.

எண்ணளவை:

பாறைநீர் ஐயா சொன்னதை ஏற்றுக்கொண்டு, செய்முறையை எழுதுகிறேன். எக்செல் போதும், நிரல் எழுதத் தேவையில்லை.

நொடியில் காலம் இருக்கும் நெடுவரிசைக்குப் பக்கத்தில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்து, காலத்தின் 10 அடி மடக்கையை 20ஆல் பெருக்கி, அருகிலுள்ள முழு எண்ணாக ஆக்குங்கள். அந்த முழு எண்தான் கட்ட எண். பிறகு பிவட் டேபிளில் (எக்செல்லின் தொகுப்பு அட்டவணையில்) கட்ட எண்ணை வரிசையாக வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் நீர்மட்டத் தாழ்வின் சராசரி, காலத்தின் மடக்கையின் சராசரி, அளவுகளின் எண்ணிக்கை, மிகச் சிறிய அளவு, மிகப் பெரிய அளவு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுக்கு 20 கட்டம் என்றால் அடுத்தடுத்த கட்டங்களின் விகிதம் 1.122.

உங்கள் 2,59,200 வரிகளுக்குக் கட்ட எண்கள் 0 முதல் 108 வரை போகும். ஆனால் 109 புள்ளிகள் கிடைக்காது, 98தான் கிடைக்கும். 1ஆம் நொடி கட்டம் 0இல் விழுகிறது, 2ஆம் நொடி கட்டம் 6இல் விழுகிறது. நடுவில் உள்ள ஐந்து கட்டங்களுக்கு அளவே இல்லை. இப்படி மொத்தம் 11 கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அவற்றை இடைச்செருகிய மதிப்புகளால் நிரப்ப வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பல மென்பொருள்கள் கேட்காமலே நிரப்பிவிடும். அப்போது இரண்டே அளவுகளிலிருந்து ஏழு புள்ளிகள் பிறந்து, தொடக்கப் பகுதி மிக ஒழுங்காக இருப்பதுபோல் தோற்றம் தரும். ஒரு கட்டத்தில் இரண்டு அளவுகள் முதன்முதலாகச் சேர்வது 12, 13ஆம் நொடிகளில்தான். அதற்கு முன்னால் உள்ள ஒவ்வோர் அளவும் தனிப்புள்ளியாக அப்படியே நிற்கும், அது சரிதான்.

இனி, சராசரிப் புள்ளியை எந்தக் காலத்தில் வைப்பது என்ற கேள்வி. கட்டத்தின் நடுவில் வைப்பவர்கள் அதிகம். ஆனால் கட்டத்துக்குள் அளவுகள் நொடிக்கணக்கில் சமமாகப் பரவியிருப்பதால், மடக்கை அச்சில் பார்த்தால் அவை வலது பக்கம் நெருங்கி நிற்கின்றன. தாழ்வு காலத்தின் மடக்கையோடு நேர்கோடாகப் போகும் பகுதியில், தாழ்வின் சராசரிக்குப் பொருத்தமான காலம் மடக்கைகளின் சராசரியிலிருந்து மீட்ட காலம்தான். சுற்றுக்கு 20 கட்டம் வைத்தால் இந்த வேறுபாடு 0.1 விழுக்காடு, பொருட்படுத்த வேண்டியதில்லை. சுற்றுக்கு 5 கட்டம் மட்டும் வைத்தால் 1.8 விழுக்காடு ஆகிறது. எல்லாக் கட்டங்களிலும் ஒரே விகிதத்தில் பிசகுவதால் கோட்டின் சாய்வு மாறாது, நீர்கடத்துதிறனும் மாறாது. கோடு அச்சை வெட்டும் இடம் நகர்வதால் சேமிப்புக் கெழு (பாறை எவ்வளவு நீரைத் தேக்கி விடுவிக்கும் என்பதைக் காட்டும் எண்) மட்டும் அதே 1.8 விழுக்காடு குறைந்து வரும்.

ஊற்றுக்கண்:

இருவருக்கும் மிக்க நன்றி. பிவட் டேபிள் முறை எனக்கு உடனே புரிந்தது. ஆனால் ஒரு தயக்கம். அருகிலுள்ள அளவை அப்படியே எடுத்தால், அட்டவணையில் இருக்கும் ஒவ்வோர் எண்ணையும் மூலக் கோப்பில் அதே நேரத்துக்கு நேரே காட்ட முடியும். சராசரி எடுத்தால் அந்த எண்ணைச் சென்சார் ஒருபோதும் பதிவு செய்யவில்லை. அறிக்கையைச் சரிபார்க்கும் அலுவலர் கேட்டால் என்ன விடை சொல்வது?

பாறைநீர்:

நியாயமான தயக்கம். உங்கள் சோதனையை ஒட்டிய எண்களோடு விடை சொல்கிறேன். இறைப்பு வீதம் நொடிக்கு 2 லிட்டர், நீர்கடத்துதிறன் நாளொன்றுக்கு 20 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு மடக்கைச் சுற்றுக்கு நீர்மட்டம் 1.58 மீட்டர் தாழும். பெட்ரோலியக் கிணற்றுக்காரர்கள் 1983 முதல் பயன்படுத்தும் பூர்தே வகைக்கெழுவை, அதாவது தாழ்வு இயல் மடக்கைக் காலத்தோடு மாறும் வீதத்தை வரைந்தால், அது 0.69 மீட்டரில் கிடைக்கோடாக நிற்க வேண்டும். நிலத்தடி நீரிலும் இப்போது இந்த வரைபடத்தைத்தான் முதலில் பார்க்கிறோம். கிணற்றுச் சேமிப்பு (கிணற்றுக்குள் தேங்கிய நீரின் தாக்கம்), இரட்டைத் துளைமை (விரிசலும் பாறைத்திண்மமும் தனித்தனியே நீர் தருவது), எல்லை எல்லாம் நேர்கோட்டு வரைபடத்தில் ஒளிந்திருக்கும், இதில் வெளிப்பட்டுவிடும்.

இப்போது 1,00,000ஆவது நொடிக்கு வாருங்கள். அடுத்தடுத்த இரண்டு நொடிகளின் இயல் மடக்கை வேறுபாடு அங்கே லட்சத்தில் ஒரு பங்கு. சென்சாரின் கடைசி இலக்கம் ஒரு மில்லிமீட்டர் துள்ளினாலும் வகைக்கெழு 100 மீட்டர் துள்ளும். 0.69 மீட்டரைத் தேடும் இடத்தில் 100 மீட்டர்! மடக்கை இடைவெளியில் ஒற்றை அளவுகளைப் பொறுக்கினால் இந்தத் துள்ளல் பெருமளவு அடங்கும். 1 மில்லிமீட்டர் பிசகு, வகைக்கெழுவில் ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் பிசகாகிவிடும். ஆனால் கிணற்றுக்குள் நீர்ப்பரப்பு அலையாடும் நேரத்தில் பொறுக்கிய அளவு ஒரு சென்டிமீட்டர் தவறியிருந்தால் 6 சென்டிமீட்டர் பிசகு வரும். அது 0.69இல் பத்தில் ஒரு பங்குக்கு நெருக்கம். எந்த நொடி பொறுக்கப்படுகிறது என்பது தற்செயல். பொறுக்கப்பட்ட புள்ளி அந்தத் தற்செயலைச் சுமந்துகொண்டு நிற்கிறது, பக்கத்திலேயே இருக்கும் ஆயிரக்கணக்கான நல்ல அளவுகள் வீணாகின்றன.

அலுவலருக்கான விடை: அட்டவணையில் சராசரியோடு எண்ணிக்கை, சிறும அளவு, பெரும அளவு மூன்றையும் கொடுங்கள், மூலக் கோப்பையும் கட்ட எண் நெடுவரிசையோடு சேர்த்துக் கொடுங்கள். எந்தப் புள்ளியையும் யாரும் ஐந்து நிமிடத்தில் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். பொறுக்கிய அளவை விட இது சரிபார்ப்புக்கு உகந்தது, ஏனென்றால் எதைப் பொறுக்கினார், எதை விட்டார் என்ற கேள்விக்கே இடமில்லை. இடையிடையே தாறுமாறான அளவுகள் இருந்தால் சராசரிக்குப் பதில் இடைநிலை மதிப்பை எடுக்கலாம்.

அதிர்வெண்:

நான் இயந்திர அதிர்வு அளவீட்டில் இருப்பவன். எங்கள் துறையிலும் அதிர்வெண் அச்சில் இதே வேலையைத்தான் செய்கிறோம். அங்கே நாங்கள் கற்ற ஒரு பாடம் உங்களுக்கும் பொருந்தும். வரைபடத்தில் எந்த அளவுகோலில் காட்டுகிறீர்களோ அந்த அளவுகோலில்தான் சராசரி எடுக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உள்ளது. அது தவறு. இரைச்சல் நிறமாலையை டெசிபெலுக்கு மாற்றிய பிறகு சராசரி எடுத்தால், ஒற்றைப் பதிவின் நிறமாலையில் உண்மையான சராசரித் திறனை விட 2.5 டெசிபெல் குறைவாகவே விடை வரும். எத்தனை ஆயிரம் புள்ளிகளைச் சேர்த்தாலும் அந்தப் பிசகு தீராது. முதலில் திறனைச் சராசரி செய்து, பிறகு டெசிபெலாக மாற்ற வேண்டும்.

உங்கள் வேலையிலும் தாழ்வை மடக்கை–மடக்கை வரைபடத்தில் காட்டுவீர்கள். அதற்காகத் தாழ்வின் மடக்கையைச் சராசரி செய்யாதீர்கள். முதல் சில நொடிகளில் கண்காணிப்புக் கிணற்றில் உண்மையான தாழ்வு ஏறக்குறைய சுழியம். சென்சார் இரைச்சலால் பாதி அளவுகள் எதிர்மறையாக இருக்கும். எதிர்மறை எண்ணுக்கு மடக்கை இல்லை என்பதால் மென்பொருள் அவற்றைச் சத்தமில்லாமல் நீக்கிவிடும். மிஞ்சுவது நேர்மறை அளவுகள் மட்டும். இல்லாத தாழ்வு அங்கே இருப்பதுபோல் ஒரு புள்ளி முளைத்துவிடும். தாழ்வை அப்படியே, எதிர்மறைகளையும் சேர்த்துச் சராசரி செய்யுங்கள். சராசரியும் எதிர்மறையாக வந்தால் மடக்கை வரைபடத்தில் அந்தப் புள்ளி வராது. அட்டவணையில் மட்டும் இருக்கட்டும்.

களப்பணி:

எல்லாரும் நன்றாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் நண்பர் முதல் பதிவின் கடைசி வரியில் சொன்ன மின்வெட்டை யாரும் தொடவில்லை. என் பார்வையில் இந்தச் சோதனையில் மிக முக்கியமானது அதுதான்.

20ஆம் மணி நேரம் என்றால் 72,000ஆவது நொடி. சுற்றுக்கு 20 கட்டம் என்ற கணக்கில் அது கட்டம் 97. அந்தக் கட்டம் 66,834ஆவது நொடியில் தொடங்கி 74,989இல் முடிகிறது. அகலம் 2 மணி 16 நிமிடம். மோட்டார் நின்ற 10 நிமிடமும், அதை ஒட்டி நீர்மட்டம் ஏறி இறங்கிய கதையின் பெரும்பகுதியும் அந்த ஒரே கட்டத்துக்குள் புதைந்துபோகும். அட்டவணையில் பார்ப்பவருக்கு ஒரு புள்ளி சற்று மேலே நிற்பது மட்டும் தெரியும். இரைச்சல் என்று நினைத்துக் கடந்துவிடுவார். இறைக்கும் கிணற்றின் தரவையும் இதேபோல் குறைத்திருந்தால், பல மீட்டர் ஏறி இறங்கியது கூட ஒரு சராசரிக்குள் மறைந்திருக்கும்.

மடக்கை இடைவெளி என்பது ஒரு தொடக்க நொடியை ஒட்டிய இடைவெளி. இறைப்பு வீதம் மாறும் ஒவ்வொரு முறையும் நிலத்தடி நீருக்கு ஒரு புதிய தொடக்கம். எனவே கோப்பை மூன்றாக வெட்டுங்கள்: தொடக்கம் முதல் மின்சாரம் போன நொடி வரை, மோட்டார் நின்றிருந்த 10 நிமிடம், மீண்டும் ஓடிய நொடி முதல் முடிவு வரை. ஒவ்வொரு துண்டுக்கும் அதன் தொடக்கத்திலிருந்து காலத்தை எண்ணி, தனித்தனியாகக் கட்டம் கட்டுங்கள். சோதனை முடிந்து மோட்டாரை நிறுத்திய பின் நீர்மட்ட மீட்சியைப் பதிவு செய்திருந்தால் அது நான்காவது துண்டு. அட்டவணையில் காலத்துக்கு இரண்டு நெடுவரிசைகள் இருக்கட்டும், ஒன்று சோதனைத் தொடக்கத்திலிருந்து, மற்றது அந்தத் துண்டின் தொடக்கத்திலிருந்து.

அந்த 10 நிமிடம் பின்னால் எவ்வளவு தூரம் தாக்கும் என்பதையும் மேற்பொருத்தல் விதியால் (ஒவ்வொரு வீத மாற்றத்தின் விளைவையும் தனியே கண்டு கூட்டும் விதி) கணக்கிடலாம். பாறைநீர் ஐயா எடுத்த எண்களையே எடுத்தால், மீண்டும் ஓடத் தொடங்கி 100 நிமிடம் ஆன பிறகும் நீர்மட்டம் இடையறாது இறைத்திருந்தால் இருந்திருக்கும் மட்டத்தை விட ஏறக்குறைய 6.5 சென்டிமீட்டர் மேலே நிற்கும். 1,000 நிமிடம் கழிந்த பின் அது ஏறக்குறைய 0.7 சென்டிமீட்டராகக் குறைந்திருக்கும். ஆக 20ஆம் மணி முதல் ஏறக்குறைய 37ஆம் மணி வரையிலான புள்ளிகளை நேர்கோட்டில் சேர்க்கும்போது இதைத் திருத்தியாக வேண்டும், அல்லது வீத மாற்றங்களை ஏற்கும் மென்பொருளில் தைஸ் முறையில் பொருத்த வேண்டும்.

எண்ணளவை:

களப்பணி அவர்கள் சொன்னதற்கு முழு உடன்பாடு. கட்டங்களுக்கு எடை தருவதைப் பற்றியும் ஒரு சொல் சேர்க்கிறேன். கடைசிக் கட்டங்களில் பத்தாயிரத்தைத் தாண்டும் எண்ணிக்கையில் அளவுகள் இருக்கும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பிழை குறைகிறது என்ற பாடநூல் விதியை அப்படியே போட்டால், சராசரியின் பிழை நூறில் ஒரு மில்லிமீட்டர் என்று வரும். அதை நம்பி எடை கொடுத்தால், குறைத்ததன் பயனே போய்விடும். கடைசிச் சுற்று மீண்டும் ஆட்சி செய்யத் தொடங்கும்.

அந்த விதி ஒன்றோடொன்று தொடர்பற்ற பிழைகளுக்கு மட்டுமே பொருந்தும். பின்பகுதியில் உங்கள் பிழை அப்படிப்பட்டதல்ல. நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் காற்றழுத்தம் நாளுக்கு இரு முறை ஏறி இறங்குகிறது. காலையும் இரவும் பத்து மணியளவில் உச்சம், இடையில் நான்கு மணியளவில் தாழ்வு, வேறுபாடு 3 ஹெக்டோபாஸ்கல் அளவில். ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது நீரில் 1.02 சென்டிமீட்டர். காற்றுக்குழாய் இல்லாத (வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தானே கழிக்காத) சென்சாராக இருந்தால் இந்த 3 சென்டிமீட்டர் ஊசலாட்டம் அப்படியே தரவில் ஏறியிருக்கும். இரண்டு மணி நேரக் கட்டத்தைச் சராசரி செய்வதால் பன்னிரண்டு மணி நேர ஊசலாட்டம் அழியாது. காற்றழுத்தத் திருத்தத்தை முழுத் தரவிலும் முதலில் செய்து முடித்த பிறகே கட்டம் கட்ட வேண்டும். அதன் பின் எல்லாக் கட்டங்களுக்கும் சம எடை கொடுப்பதே பாதுகாப்பு.

கேணிக்கரை:

இடையில் ஒரு கேள்வி. எங்கள் பகுதியில் 6 மீட்டர் விட்டமுள்ள திறந்த கிணறுகளில்தான் சோதனை செய்கிறோம். அங்கும் இதே முறைதானா?

பாறைநீர்:

குறைக்கும் முறை அதேதான். பொருள் கொள்ளும் முறைதான் வேறு. 6 மீட்டர் விட்டக் கிணற்றின் பரப்பு 28 சதுர மீட்டர். நொடிக்கு 2 லிட்டர் இறைத்தால், பாறையிலிருந்து ஊற்றே வராவிட்டாலும் மணிக்கு 25 சென்டிமீட்டர்தான் இறங்கும். தொடக்கத்தில் நீங்கள் அளப்பது கிணற்றில் தேங்கிய நீரைத்தான். தாழ்வு காலத்தோடு நேர்விகிதத்தில் கூடும், மடக்கை–மடக்கை வரைபடத்தில் சாய்வு 1 ஆக இருக்கும். அந்தப் பகுதியில் கூப்பர்–ஜேக்கப் கோட்டைப் போடவே கூடாது. 1967இல் பாப்படோபுலோஸும் கூப்பரும் பெரிய விட்டக் கிணறுகளுக்காகத் தந்த வளைவுகளைப் பயன்படுத்துங்கள். தாழ்வு காலத்தோடு நேராகப் போகும் இடத்தில், கண்டிப்பாகச் சொன்னால், காலத்தின் சாதாரணச் சராசரிதான் பொருத்தம். ஆனால் சுற்றுக்கு 20 கட்டம் வைத்தால் இரண்டு சராசரிகளுக்கும் வேறுபாடு 0.05 விழுக்காடுதான்; கட்டத்தைக் குறுகலாக வைப்பதன் பெரிய நன்மையே இந்தத் தேர்வுகள் எல்லாம் பொருட்டில்லாமல் போவதுதான். முதல் நிமிடங்களை நொடிக்கு நொடி பதிவது இங்கே அவ்வளவு இன்றியமையாததும் அல்ல.

ஊற்றுக்கண்:

மோட்டார் நின்ற நொடியையும் மீண்டும் ஓடிய நொடியையும் இறைக்கும் கிணற்றின் கோப்பிலிருந்து துல்லியமாக எடுக்க முடிகிறது. காற்றழுத்தம் பதியும் தனிக் கருவியை மேட்டில் வைத்திருந்தோம். அந்தத் திருத்தத்தை முடித்துவிட்டு, மூன்று துண்டுகளாக வெட்டி, சுற்றுக்கு 20 கட்டம் வைத்துச் சராசரி எடுக்கிறேன். இனி வரும் சோதனைகளுக்குக் கருவியையே மடக்கை முறையில் பதியுமாறு அமைத்துவிட்டால் இந்த வேலை மிச்சமாகாதா?

களப்பணி:

வேண்டாம் என்பேன். அந்த முறையில் கருவி தான் தொடங்கிய நொடியிலிருந்து இடைவெளியை விரித்துக்கொண்டே போகும். மோட்டார் கருவியை விட ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கினால், நெருக்கமான அளவுகள் அனைத்தும் அசையாத நீர்மட்டத்துக்குச் செலவாகி, தாழ்வு தொடங்கும்போது அது அரை நிமிடத்துக்கு ஒன்று என்று பதிந்துகொண்டிருக்கும். 20ஆம் மணி நேரத்தில் மின்சாரம் போவதும் அதற்குத் தெரியாது. அப்போது அது மணிக்கணக்கில் ஓர் அளவு என்ற நிலைக்குப் போயிருந்தால், அந்த 10 நிமிடம் கோப்பிலேயே இருக்காது. நொடிக்கு ஒன்று பதியுங்கள். இன்றைய கருவிகளின் நினைவகத்துக்கு இரண்டரை லட்சம் வரி பெரிதல்ல.

பாறைநீர்:

இன்னும் ஒன்று. இறைக்கும் கிணற்றின் கருவிக்கடிகாரமும் கண்காணிப்புக் கிணற்றின் கருவிக்கடிகாரமும் ஒத்துப்போகின்றனவா என்று கட்டம் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். தொடக்க நொடி மூன்று நொடி தவறினால் 10ஆம் நொடிப் புள்ளி முப்பது விழுக்காடு இடம் மாறும். 1,000ஆம் நொடியில் அது 0.3 விழுக்காடுதான். ஆகவே பின்பகுதி ஒழுங்காகவே தெரியும். முன்பகுதி மட்டும் வளைந்து, கிணற்றுச் சேமிப்பு போலவோ பாறை விரிசலின் தனிப்பண்பு போலவோ தோன்றும். இரண்டு கருவிகளையும் ஒரே வாளி நீரில் சேர்த்து ஒரு முறை தூக்கி எடுத்தால், இரு கோப்புகளிலும் அந்தத் திடீர் மாற்றம் எந்த நொடியில் விழுகிறது என்பதை வைத்து வேறுபாட்டை அறியலாம். கருவிகளைக் கழற்றிவிட்டீர்கள் என்றாலும் கடிகாரங்களை மீண்டும் சரிசெய்யும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

ஊற்றுக்கண்:

கருவிகள் இரண்டும் இன்னும் அலுவலகத்தில்தான் உள்ளன, கடிகாரங்களைத் தொடவில்லை. நாளைக் காலையில் வாளிச் சோதனையைச் செய்துவிட்டு, மூன்று துண்டுகளின் அட்டவணையையும் வகைக்கெழு வரைபடத்தையும் இங்கே இடுகிறேன்.